தம்ப்நெய்ல் ஏன் சாய்ந்துவிடுகிறது?

போன் கேலரியில் நிமிர்ந்து நிற்கும் படம், வீடியோவுக்குத் தம்ப்நெய்லாக (முகப்புப் படமாக) ஏற்றியதும் ஏன் சாய்ந்துவிடுகிறது என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார்.

போனை எப்படிப் பிடித்தாலும், கேமரா உணரி தான் படித்த வரிசையிலேயே புள்ளிகளைக் கொடுக்கிறது. போன் பல சமயம் அவற்றைத் திருப்பாமல் அப்படியே சேமித்து, படக் கோப்போடு சேர்ந்திருக்கும் எக்ஸிஃப் என்ற குறிப்பில் 1 முதல் 8 வரை ஓர் எண்ணை மட்டும் எழுதிவைக்கும். 1 என்றால் உள்ளபடி காட்டலாம். 6 என்றால் வலப்பக்கமாக 90 டிகிரி திருப்பிக் காட்ட வேண்டும். கேலரி அந்த எண்ணைப் பார்க்கிறது. படத்தைச் சுருக்கும் மென்பொருள் சில நேரம் பார்ப்பதில்லை. அல்லது, படம் எடுத்த இடம் வெளியே தெரியக்கூடாது என்று எக்ஸிஃபை மொத்தமாகத் துடைக்கும்போது இந்த எண்ணும் போய்விடுகிறது. இடத்தை அழிப்பது மிகச் சரி. ஆனால் முதலில் திருப்பிவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

சரி, எப்படித் திருப்புவது? படத்தைப் பிரித்து, திருப்பி, மறுபடி ஜேபெக்காக (போன் படங்களின் வழக்கமான கோப்பு வடிவம்) சுருக்கினால் தரம் கொஞ்சம் குறையும். துளியும் குறையாத வழி ஒன்று உண்டு. அது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

ஜேபெக், படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் 64 கொசைன் அலைகளின் (சீராக ஏறி இறங்கும் ஒளி வடிவங்களின்) அளவுகளாக வைத்திருக்கிறது. 90 டிகிரி திருப்ப, அந்த எண் அட்டவணையில் நிரையை நிரலாக மாற்றினால் படம் மூலைவிட்டத்தில் புரளும். அடுத்து இடவலம் மாற வேண்டும். இடமிருந்து வலமாக அலைகளை 0, 1, 2 என்று எண்ணினால், ஒற்றைப்படை அலையின் இடப்பாதி வலப்பாதிக்கு நேர் எதிர்க்குறி. அதனால் அதற்குக் குறியை மாற்றினால் போதும். இரட்டைப்படை அலை இருபுறமும் ஒன்றுபோலவே இருப்பதால் அதைத் தொடவே வேண்டாம். அப்புறம் கட்டங்களை இடம் மாற்றி அடுக்கினால் முடிந்தது. ஓர் எண்ணின் அளவுகூட மாறவில்லை! ஜேபெக்டிரான் என்ற இலவசக் கருவி செய்வது இதைத்தான். ஓரத்தில் அரைகுறைக் கட்டம் இருந்தால் சிக்கல். பெரும்பாலான படங்களுக்குப் பக்க அளவுகள் 16ஆல் வகுபட்டால் போதும். தம்ப்நெய்லின் வழக்கமான அளவான 1280×720 புள்ளிகளில் இரண்டு எண்களுமே வகுபடும்.

இந்தக் கொசைன் முறையை ஆராய 1972இல் பொறியாளர் நசீர் அகமது நிதி கேட்டபோது, அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை மறுத்துவிட்டது. அவர் விடாமல் உழைத்து, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் 1974இல் கட்டுரையை வெளியிட்டார். உடனடிப் பயன் தெரியாத அடிப்படைக் கணிதத்துக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

படத்தைத் திருப்பிய பிறகு எக்ஸிஃபில் உள்ள எண்ணை 1 ஆக்குங்கள். 6 என்றே விட்டால், எண்ணைப் பார்க்கும் மென்பொருள் படத்தை இன்னொரு முறை திருப்பிவிடும். கருவி எதுவும் கைவசம் இல்லையென்றால், தரம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, நிமிர்ந்து தெரியும்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதை ஏற்றலாம்.