ரோல் அவுட்: வெளியீடா, பரவலாக்கமா?

புதிய தலைமுறைக் கைப்பேசி வலையமைப்பு பற்றிய செய்திகளில் ‘5ஜி வெளியீடு தீவிரம்’, ‘அடுத்த கட்ட 5ஜி வெளியீடு’ என்ற தொடர்கள் ஓயாமல் வருகின்றன. மூலத்தில் இருக்கும் சொல் ரோல் அவுட். அதற்கு வெளியீடு என்பது பிழையான பெயர்ப்பு. பரவலாக்கம் என்பதே பொருந்தும்.

ரோல் என்பதன் வேர், சிறு சக்கரத்தையும் சுருளையும் குறித்த ரோட்டுலஸ் என்னும் இலத்தீன் சொல். புதிய விமானத்தைக் கொட்டகையிலிருந்து வெளியே உருட்டி வந்து காட்டுவதற்கும் ரோல் அவுட் என்றே பெயர். வெளியீடு என்ற சொல்லை ஆதரிப்போர் இந்தப் பொருளைத் துணைக்கு அழைக்கலாம். ஆனால், தொலைத்தொடர்பில் அச்சொல் ஒரு சேவையைப் படிப்படியாகப் பல இடங்களுக்குக் கொண்டுசெல்வதையே குறிக்கிறது.

நூலையோ திரைப்படத்தையோ வெளியிடுகிறோம்; குறித்த நாளில் அது முடிந்துவிடுகிறது. வலையமைப்பு அவ்வாறு முடிவதில்லை. கோபுரம் கோபுரமாகப் புதிய ஆன்டெனாக்களைப் பொருத்தி, கண்ணாடியிழைக் கம்பிவடம் இழுத்து, மின்வசதியைப் பெருக்கி, அக்கம்பக்கத்துக் கோபுரங்களோடு குறுக்கீடு வராதபடி சரிசெய்து, ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை அது. அதிர்வெண் குறைந்த 700 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பல கிலோமீட்டர் செல்லும். அதிர்வெண் மிகுந்த 26 கிகாஹெர்ட்ஸ் அலைகளோ சில நூறு மீட்டரில் தேய்ந்து, சுவர் குறுக்கிட்டாலே நின்றுவிடும். ஆகவே ஒரே ஊரில் ஒரு தெருவில் 5ஜி கிடைப்பதும் அடுத்த தெருவில் கைப்பேசி 4ஜிக்குத் திரும்புவதும் இயல்பு. வெளியீடு என்று படித்தவருக்கு இது ஏமாற்றமாகத் தோன்றும். பரவலாக்கம் என்று படித்திருந்தால் வேலை இன்னும் தம் தெருவுக்கு வரவில்லை என்று புரிந்துகொள்வார்.

தொலைத்தொடர்பு உரிம விதிகளைத் தமிழாக்கும்போது பிழை இன்னும் பெரிதாகிறது. இத்தனை ஆண்டுக்குள் இத்தனை அலைபரப்பு நிலையங்களை நிறுவ வேண்டும் என்ற நிபந்தனையை ‘வெளியீட்டுக் கடமை’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. தென் கொரியாவில் 5ஜி கைப்பேசிச் சேவை 2019 ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. ஆயினும் 28 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் ஒப்புக்கொண்ட அளவுக்கு நிலையங்களை நிறுவாததால், அந்நாட்டின் மூன்று கைப்பேசி நிறுவனங்களும் அப்பட்டைக்கான உரிமத்தை இழந்தன. சேவை தொடங்கியது, பரவலாக்கக் கடமை நிறைவேறவில்லை என்று இதை ஒரே வரியில் சொல்லலாம். வெளியீடு என்ற சொல்லை வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், அச்சொல் அடுத்த பத்தியில் தாங்குமா என்று பார்ப்பதே இல்லை.

ரோல் அவுட்டுக்கு வேறு சொற்களும் சரிவரா. அறிமுகம் என்பது தொடக்க நாளுக்கு மட்டும் பொருந்தும். விரிவாக்கம் ஏற்கெனவே உள்ளதைப் பெரிதாக்குவது. சாலை விரிவாக்கம் என்பது போல. பரவல் என்று சுருக்கினால் தொற்றுப் பரவல் போலத் தானாக நடப்பதாகிவிடும். இங்கே செய்பவர் ஒருவர் இருக்கிறார், அவருக்குப் பொறுப்பும் இருக்கிறது. அதிகாரப் பரவலாக்கம் என்ற வழக்கோடு குழம்பாதா என்று சிலர் கேட்கிறார்கள். குழம்பாது. ஓரிடத்தில் இருப்பதைப் பல இடங்களுக்கு உரியதாக்குவதே இரண்டிலும் பொருள். எதைப் பரவலாக்குகிறோம் என்பதை முன்னால் நிற்கும் சொல்லே காட்டிவிடுகிறது.