தலைக்கு வெளியே ஒரு கம்பிச்சுருள்

இண்டக்‌ஷன் அடுப்பில் தீ கிடையாது. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருக்க, காந்தப்புலமும் கூடவே மாறி, பாத்திரத்துக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த விதி அது. பாத்திரம் இருக்கும் இடத்தில் மூளையை வைத்தால் டி.எம்.எஸ். என்ற காந்தத் தூண்டல் முறை கிடைத்துவிடும். பிறரோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் வேறுவிதமாக அமையும் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இத்தகைய தூண்டல் உதவுமா என்பதுதான் இங்கே கேள்வி. பயப்பட வேண்டாம், மூளை சூடேறாது. ஒவ்வொரு காந்தத் துடிப்பும் ஒரு மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடும். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு, மண்டையோட்டைத் தொடாமலேயே மூளையைத் தூண்டிக் கையைத் துடிக்க வைத்தது.

எட்டு வடிவச் சுருளைத் தலைமேல் வைத்ததும் ‘டிக்’கென்று பலமான சத்தம் வரும், காதை அடைத்துக்கொள்ளத்தான் வேண்டும். முதலில் கையை இயக்கும் பகுதிக்கு மேல் வைத்து, கட்டைவிரல் துள்ளும் வரை விசையைக் கூட்டுவார்கள். அவரவர் மூளைக்கு எவ்வளவு தேவை என்பது அந்தத் துள்ளலில் தெரிந்துவிடும். அப்புறம்தான் சுருள் வேண்டிய இடத்துக்கு நகரும். விநாடிக்கு ஒரு துடிப்பு என்றால் அந்தப் பகுதி பொதுவாக மந்தமாகும், பத்து என்றால் சுறுசுறுப்பாகும். பொதுவாகத்தான், ஆளுக்கு ஆள் இது மாறும்.

இன்னொரு முறை, தலைமேல் மெல்லிய நேர்மின்னோட்டம் செலுத்தும் டி.டி.சி.எஸ். உப்புநீரில் நனைத்த பஞ்சு மின்முனைகள் வழியாக 1 முதல் 2 மில்லிஆம்பியர் வரை, சுமார் இருபது நிமிடம். இது நரம்பணுவை நேரடியாகச் சமிக்ஞை அனுப்ப வைப்பதில்லை, அனுப்புவதைச் சற்று எளிதாக்குகிறது, அவ்வளவே. அந்த மின்னோட்டத்திலும் பெரும்பகுதி தோலிலும் எலும்பிலுமே போய்விடுகிறது.

சரி, பிறரைப் புரிந்துகொள்ள உதவ வேண்டுமென்றால் எங்கே தூண்டுவது? வலது காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் ஒரு பகுதி இருக்கிறது. அடுத்தவர் மனத்தில் என்ன இருக்கும் என்று யோசிக்கும்போது அது சுறுசுறுப்பாகிறது. 2012-இல் லண்டனில், ஆட்டிசம் இல்லாத பெரியவர்களுக்கு அங்கே டி.டி.சி.எஸ். கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சோதனையில் திரையில் அலமாரி தெரியும், எதிர்ப்பக்கம் ஒருவர் நிற்பார். “சின்னப் பந்தை மாற்று” என்பார். உங்கள் கண்ணுக்கு மூன்று பந்துகள். ஆனால் மிகச் சிறிய பந்துக்குப் பின்னால் அடைப்பு இருப்பதால் அவருக்கு அது தெரியாது. அப்படியானால் அவர் கேட்பது நடுத்தரப் பந்தை. தூண்டல் பெற்றவர்கள் இதில் குறைவாகத் தடுமாறினார்கள். ஆனால் அதே ஆய்வில், தன் மனநிலையையும் பிறர் மனநிலையையும் கணிப்பதில் எந்த மாற்றமும் இல்லை.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமும் இதே கதைதான். 2014-இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் எண்டிகாட் குழு 28 பேரிடம் சோதித்தது. ஒரு பகுதியினருக்கு நெற்றிக்குப் பின்னால், நடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் பத்து வேலைநாள் டி.எம்.எஸ்.; மற்றவர்களுக்கு வெறும் பாவனை. நிஜத் தூண்டல் பெற்றவர்கள் பிறரோடு பழகுவதில் சிரமம் குறைந்ததாகக் கேள்வித்தாளில் எழுதினார்கள். அடுத்தவர் மனத்தைக் கணிக்கும் கணினிச் சோதனைகளிலோ மாற்றமில்லை. எனக்கு இதுதான் இந்தத் துறையின் நெருடலான இடமாகப் படுகிறது: மேம்பட்டது திறமையா, பதற்றம் குறைந்ததா?

ஆட்டிசம் உள்ள எழுத்தாளர் ஜான் எல்டர் ராபிசன் 2008-இல் பாஸ்டனில் இத்தகைய ஆய்வில் பங்கேற்றார். ஓர் அமர்வுக்குப் பின் பாட்டு கேட்டபோது உணர்ச்சி பொங்கி வந்ததாகச் சொல்கிறார். கூடவே, நட்பாகச் சிரித்ததாக நினைத்திருந்த சிலர் உண்மையில் தன்னைக் கேலி செய்திருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் உறைத்ததாம். ஒருவர் அனுபவம் சான்றாகாது. ஆனாலும் ‘மேம்பாடு’ என்று நாம் சொல்வதன் விலை அதில் தெரிகிறது.

குறை ஒரு பக்கம் மட்டும்தானா என்பதும் கேள்வியாகிவிட்டது. 2012-இல் பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன், தானும் ஆட்டிசம் உள்ளவர், புரியாமை இரு தரப்புக்கும் உரியது என்று வாதிட்டார். பிறகு எடின்பரோவில் எட்டு எட்டுப் பேராக நிறுத்தி ஒரு கதையைக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, இல்லாதவர்கள் வரிசைக்குச் சமமாகவே கதையைக் கடத்தியது. இரண்டையும் கலந்த வரிசைகளில்தான் கதை வேகமாகத் தேய்ந்தது. அப்படியானால் சுருளை யார் தலைமேல் வைப்பது?

அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு 2008 முதல் டி.எம்.எஸ்.ஸுக்கு அனுமதி உண்டு. ஆட்டிசத்துக்கு அத்தகைய அனுமதி இல்லை. வலிப்பு வரும் வாய்ப்பு ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் சராசரியைவிட அதிகம், டி.எம்.எஸ். அரிதாக வலிப்பைத் தூண்டக்கூடியது. அதனால் சிகிச்சை விளம்பரத்தைப் பார்த்து யாராவது கிளம்பினால், முதலில் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.