பழைய பியானோ வாங்கப் போறீங்களா, மொதல்ல மூடியத் தெறந்து பாருங்க

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் பியானோ டியூனிங்கும் ரிப்பேரும் செய்ற ஆள் நான். "அண்ணே, பழைய பியானோ ஒன்னு வருது, லண்டன் மேக், எவ்வளவுக்கு கேக்கலாம்"னு மெசேஜ் போட்டு கூடவே போட்டோவும் அனுப்புறாங்க, எல்லாப் போட்டோவும் வெளிப்பக்கந்தான், மரம் பளபளன்னு, மெழுகுவர்த்தி வைக்கிற பித்தள ஸ்டாண்ட் ரெண்டும் அப்படியே இருக்கும். அத வச்சி வெல சொன்னா அலுமாரிக்குத்தான் வெல சொல்லலாம்.

பழசானா வெல ஏறும்ங்கிற கணக்கு பியானோவுக்கு சரி வராது. உள்ள 200க்கு மேல கம்பி இருக்கு, எல்லாத்தோட இழுப்பையும் சேத்தா 15 டன்னுக்கு மேல போகும், அவ்வளவையும் இரும்பு பிரேமும் மரமும் ராப்பகலா தாங்கிக்கிட்டு நிக்கிது, தேயாம என்ன செய்யும்? 1975ல கம்பெனித் தோட்டங்கள அரசாங்கம் எடுத்த காலத்துல வெள்ளக்காரத் தொரமார் போயிட்டாங்க, பியானோ பல எடத்துல பங்களாவுலயும் கிளப்புலயும் சேர்ச்சுலயும் நின்னுருச்சு. பிரோட்வூட், சாப்பெல், சேலன்னு அந்த லண்டன் கம்பெனிங்க எல்லாம் அந்தக் காலத்துல நல்ல பேருதான், இல்லன்னு சொல்லல. ஆனா இங்கிலாந்துலயே இந்த மாதிரி அலுமாரி போல நிமிர்ந்து நிக்கிற பழைய அப்ரைட் பியானோவ சும்மா தூக்கிட்டுப் போங்கன்னு குடுக்கிறாங்க. விக்கிறவர் இன்டர்நெட்ல காட்டுற வெல முழுசா பிரிச்சி புதுசாக்கின பியானோவோட வெல, ரெண்டும் ஒன்னில்ல.

நான் மொதல்ல பாக்கிறது டியூனிங் பின். ஒவ்வொரு கம்பியும் ஒரு இரும்பு ஆணியில சுத்தியிருக்கும், அந்த ஆணி பின் பிளாக்னு ஒரு கனமான பலகையில இறுக்கமா ஏறியிருக்கும், அந்தப் பிடிதான் பியானோவோட உசுரு. நம்ம பக்கம் மே மாசம் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் ஹட்டன், மஸ்கெலியாவுல விடாத மழ, மரம் ஈரத்தக் குடிச்சி ஊதும், அப்புறம் வெயில் காலத்துல சுருங்கும், பங்களான்னா நெருப்பு மூட்டுற அறையிலயே பியானோவையும் வச்சிருப்பாங்க, இப்படி ஊதி ஊதி சுருங்கி ஓட்ட லூசாகிரும். அப்புறம் இன்னைக்கு நான் டியூன் பண்ணிட்டுப் போனா அடுத்த வாரம் சுருதி எறங்கி நிக்கும். கொஞ்ச பின்தான் லூஸ்னா ஒரு சைஸ் பெரிய பின் போட்டு சமாளிக்கலாம். மொத்தமா லூஸ்னா அந்தச் செலவு பியானோ வெலயத் தாண்டிரும், விட்டுருங்க.

நீங்களே ஓரளவு பாக்கலாம். போன்ல டியூனர் ஆப் ஒன்னப் போட்டு கீ வரிசையில நடுவுல இருக்கிற மிடில் சி-க்கு மேல வர்ற ஏ-ய அடிங்க, 440 ஹெர்ட்ஸ் காட்டணும், ரெண்டு மூணு கொறஞ்சா பரவால்ல, 415 பக்கம் காட்டினா அர சுருதி எறங்கியிருக்கு, பல வருஷம் யாரும் டியூன் பண்ணலன்னு அர்த்தம், துருப்பிடிச்ச கம்பிய மேல இழுக்கும்போது அறுந்துபோற சான்ஸ் இருக்கு. ஒரு கீ-ய அடிச்சா "வாவ் வாவ்"னு அலையடிச்சி, பக்கத்து கீ நல்லா கேட்டா அந்த எடத்துல பின் மேல சந்தேகப்படுங்க. இன்னொன்னு, நீங்க வர்ற அன்னிக்கு காலையில டியூன் பண்ணி வச்சிருந்தாங்கன்னா அட்வான்ஸ் குடுக்காம ரெண்டு வாரம் கழிச்சி திரும்பப் போய்ப் பாருங்க (கோவப்படுவாங்க, படட்டும்).

மேல் மூடியத் தெறந்ததும் ஹேமருக்கு (கம்பிய அடிக்கிற சின்ன சுத்தியல்) முன்னால மெல்லிசுக் கம்பி வரிசையா நிக்கிதா? அது பழைய இங்கிலீஷ் ஆக்‌ஷன், அதாவது கீ-ய அமுக்கினா ஹேமர ஆட்டுற பொறி, இந்த வகைய பேர்ட்கேஜ்னு சொல்லுவோம். கைய எடுத்த பொறகும் சத்தம் சரியா அடங்காது, ரிப்பேரும் கரைச்சல். பிள்ளைய மியூசிக் கிரேட் எக்ஸாமுக்கு அனுப்பப் போறீங்கன்னா வேணாம்.

கீ அமுங்கி மேல வராம நிக்கிறதப் பாத்து ஓடிப்போறவங்களும் இருக்காங்க, அது பெரும்பாலும் ஈரம், சின்ன வேல. சத்தத்தப் பெருக்கிக் குடுக்கிற பலகையான சவுண்ட்போர்டுல கோடு மாதிரி வெடிப்பு இருந்தாலும் உதறல் சத்தம் வரலன்னா பயப்படத் தேவயில்ல. கரையானுக்குத்தான் பயப்படணும், பின்பக்கமும் அடிப்பக்கமும் டோர்ச் அடிச்சிப் பாருங்க, மண் கோடோ மரத்தூளோ கெடந்தா காசக் கொண்டு திரும்பி வந்துருங்க. ஹேமர் மேல ஒட்டியிருக்கிற கம்பளித் துணிய (ஃபெல்ட்) அந்துப்பூச்சி தின்னிருக்கான்னும் பாக்கணும்.

ஜப்பான்ல இருந்து வர்ற செகண்ட்ஹேண்ட் யமஹா யூ1, யூ3 மாடல் வேற கத. அதுல மூடியத் தெறந்தா இரும்பு பிரேம்ல சீரியல் நம்பர் இருக்கும், அத வச்சி எந்த வருஷத்து பியானோன்னு கண்டுபிடிக்கலாம், "பத்து வருஷம்தான்"னு விக்கிறது 1970கள்ல செஞ்சதா இருக்கும். 1970கள்ல செஞ்சது மோசம்னு இல்ல, நல்லா வச்சிருந்தா பழைய லண்டன் பியானோவ விட எனக்கு அதுதான் மேல். வெலயத்தான் அதுக்கேத்த மாதிரி பேசணும். கறுப்பு பெயின்ட் புதுசா மின்னினா உள்ள இருக்கிற கம்பியும் அப்படி மின்னுதான்னு பாருங்க.

பேசின வெலயோட ஏத்துக் கூலியையும் கூட்டுங்க, 200 கிலோவுக்கு மேல வரும், தோட்டத்து ரோட்டுல லொறி குலுங்குற குலுக்கல்ல சுருதி கலையாம வராது. வந்த அன்னிக்கே டியூன் பண்ணக் கூப்பிடாதீங்க, ரெண்டு மூணு வாரம் அந்த அறையோட குளிருக்கு அது பழகணும். வெளிச் செவத்தோட ஒட்டி வைக்காதீங்க, மூடுபனி உள்ள வர்ற ஜன்னலுக்குக் கிட்டயும் வேணாம். பழைய ஆளுங்க ஈரத்துக்கு அடிப்பகுதியில சின்ன பல்ப் ஒன்ன எரியவிடுவாங்க, அது குண்டு பல்போட சூட்டுக்காகத்தான், இப்போ சில வீட்டுல கரண்ட் மிச்சம்னு எல்ஈடி மாட்டி வச்சிருக்காங்க, அதுல உள்ள இருக்கிற எலிக்குத்தான் வெளிச்சம்.