உள்ளளவா, வெளியளவா?

பெட்டி செய்யச் சொன்னால் ஆசாரி முதலில் கேட்பது, ‘அளவு உள்ளளவா, வெளியளவா?’ இணையப் படிவங்களில் கட்டங்கள் ஓரம் தாண்டி நிற்பதற்குப் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்காததுதான் காரணம்.

360 பிக்சல் அகலமுள்ள கைபேசித் திரை என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் 16 பிக்சல் விட்டால் படிவத்துக்கு மிஞ்சுவது 328. அதற்குள் பெயர் எழுதும் கட்டத்துக்கு ‘விட்த் 100%’, அதாவது முழு அகலம், என்று கொடுக்கிறோம். உள்ளே பேடிங் (எழுத்துக்கும் கோட்டுக்கும் இடையிலான வெளி) பக்கத்துக்கு 12, பார்டர் (சுற்றுக்கோடு) பக்கத்துக்கு 1. இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் இயல்பான கணக்கில் விட்த் என்பது உள்ளளவு, அதாவது எழுத்து உட்காரும் இடம் மட்டும். ஆகவே கட்டத்தின் முழு அகலம் 328 + 24 + 2 = 354. இடப்பக்கம் 16இல் தொடங்கியது 370இல் போய் முடிகிறது. வலப்பக்கக் கோடு திரைக்கு வெளியே போய்விட, பக்கம் முழுவதும் பக்கவாட்டில் ஆடுகிறது. கண் மங்கிய பெரியவர் ஒருவர் ஒற்றை விரலால் அதை இழுத்து இழுத்து நிரப்புவதைப் பார்த்தால், இந்த 10 பிக்சலைச் சின்ன விஷயம் என்று சொல்ல மனம் வராது.

அதே படிவத்தில் ‘அனுப்பு’ பொத்தானுக்கும் 100% கொடுத்துப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும். பொத்தானையும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் செலக்ட் பட்டியலையும் பிரவுசர்கள் முதலிலிருந்தே வெளியளவில்தான் கணக்கிடுகின்றன. எழுத்துக்கட்டமும் பல வரி எழுதும் டெக்ஸ்ட்ஏரியாவும் உள்ளளவில். புதிதாகப் படிப்பவர்கள் குழம்பித் தவிப்பது இந்த இடத்தில்தான். ‘பாக்ஸ்-சைஸிங்: பார்டர்-பாக்ஸ்’ என்ற ஒரே வரி எல்லாவற்றையும் வெளியளவுக்குக் கொண்டுவந்துவிடும். கட்டத்துக்கு வெளியே விடும் இடைவெளியான மார்ஜின் மட்டும் அதில் சேராது.

சரி, விட்த்தே கொடுக்காமல் விட்டால்? பத்தி, டிவ் (மற்றவற்றை அடக்கும் பொதுப் பெட்டி) எல்லாம் கொள்கலத்தின் அகலத்துக்குத் தாமாக விரியும். எழுத்துக்கட்டம் விரியாது, தனி வரி பிடிக்கும்படி ‘டிஸ்ப்ளே பிளாக்’ என்று மாற்றினாலும் விரியாது. அதற்கென்று பிறவி அகலம் ஒன்று உண்டு: 20 எழுத்து. அதுவும் எழுத்துருவின் சராசரி எழுத்து அகலத்தை வைத்துப் போட்ட கணக்கு. ‘ணை’, ‘ஞௌ’ மாதிரி அகன்ற எழுத்துகள் வரும் தமிழில் அந்த இடத்துக்குள் 20 எழுத்து அடங்காது. எழுத்துருவை மாற்றினால் கட்டத்தின் அகலமும் மாறும்.

பார்டர்-பாக்ஸ் போட்ட பிறகும் ஓரிடத்தில் இடிக்கும். தேடும் கட்டமும் பொத்தானும் ஒரே வரிசையில் ஃபிளெக்ஸில் (பகுதிகளை வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறை) இருக்கும்போது, இடம் குறைந்தாலும் கட்டம் தன் பிறவி அகலத்துக்குக் கீழே சுருங்க மறுத்துப் பொத்தானை வெளியே தள்ளும். ஃபிளெக்ஸில் மின்-விட்த்தின் (குறைந்தபட்ச அகலம்) இயல்பு மதிப்பு ‘ஆட்டோ’ என்பதால் வரும் வினை இது. அதை 0 ஆக்கினால் கட்டம் இறங்கிவரும். கட்டங்களைக் குழுவாக அடைக்கும் ஃபீல்ட்செட்டுக்கும் இதே மருந்துதான்.

2024இல் குரோம் பிரவுசரின் 123ஆம் பதிப்போடு ‘ஃபீல்ட்-சைஸிங்: கன்டென்ட்’ வந்தது. தட்டத் தட்டக் கட்டமே எழுத்துக்கு ஏற்ப நீளும். நெடுநாள் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதிச் செய்துவந்த வேலை இது. கூடவே ‘மேக்ஸ்-விட்த் 100%’ (அதிகபட்ச அகலம்) போட மறக்கக் கூடாது. இல்லையென்றால் நீளமான முகவரி ஒன்றே போதும், கட்டம் மறுபடி திரையைத் தாண்டிவிடும்.