சர்ஃபேஸ் பினிஷ்: தமிழில் என்ன சொல்வது?

சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் எந்திரத்திலிருந்து இறக்கிய துண்டைக் கையில் எடுத்ததும் எழும் கேள்வி, ‘பினிஷ் எப்படி வந்திருக்கு?’ முடிவு என்று பொருள்படும் ‘ஃபீனிஸ்’ என்ற லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக வந்து பினிஷ் ஆனது. சர்ஃபேஸும் பிரெஞ்சுதான்: ‘சுர்’ என்றால் மேல், ‘ஃபாஸ்’ என்றால் முகம். அதற்கு மேற்பரப்பு சரியாகப் பொருந்துகிறது. தகராறு பினிஷில்தான்.

‘மெருகு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது பளபளப்பைச் சொல்வது. பளபளக்கும் பரப்பிலும் கட்டர் தடம் ஆழமாக இருக்கலாம். ‘கரடுமுரடு’ பாறைக்கும் பாதைக்கும் சரி. மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளப்பதற்கு, அதாவது ரஃப்னஸுக்கு, என் தேர்வு ‘சொரசொரப்பு’. இரட்டைக்கிளவியில் பிறந்த சொல், தொட்டு உணர்வதைச் சொல்வது. அளக்கும் கருவியும் நுண்ணிய ஊசியால் பரப்பைத் தொட்டு வருடித்தான் அளக்கிறது. சராசரிக் கோட்டிலிருந்து மேடுபள்ளங்கள் விலகும் அளவின் சராசரியே ‘ஆர்ஏ’ (Ra) என்ற சொரசொரப்பு எண்.

இந்தச் சொரசொரப்பில் ஒரு பங்கு வெறும் வடிவக் கணக்கு. 5 மி.மீ. ஆரமுள்ள உருண்டைமுனைக் கட்டரை 0.4 மி.மீ. தள்ளித் தள்ளி ஓட்டினால், தடங்களுக்கு இடையே சுமார் 4 மைக்ரான் உயர வரப்பு மிஞ்சும். இடைவெளியை 0.2 ஆக்கினால் வரப்பு 1 மைக்ரான்தான்.

மற்ற பங்கு உலோகக்கலவையின் குணம். அலுமினியக் கலவையை மெதுவாக வெட்டினால் உலோகம் கட்டர் விளிம்பில் ஒட்டி, பிய்ந்து, பரப்பிலேயே அப்பிக்கொள்ளும். வேகத்தைக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டைட்டானியத்தில் அதே வைத்தியம் எடுபடாது. அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. சூடு விளிம்பிலேயே தங்கி கட்டரைத் தின்றுவிடும், மழுங்கிய கட்டர் பரப்பைக் கெடுக்கும். சரி, ஃபீடை, அதாவது கட்டர் உலோகத்துக்குள் முன்னேறும் அளவை, குறைத்தால்? ஓர் எல்லை வரைக்கும்தான். அதற்கும் கீழே போனால் விளிம்பு வெட்டாமல் தேய்க்கத் தொடங்கும்.

அப்படியானால் பினிஷ்? ‘பரப்புச் செம்மை’ எனலாம். சொரசொரப்பு, அலைவு, தடம் ஓடும் திசை எல்லாம் அதற்குள் அடங்கும். கட்டர் அதிர்ந்தால் விழும் ‘சாட்டர்’ தடத்தைப் பாருங்கள்: குறுகிய நீளத்தில் அளந்தால் ஆர்ஏ நன்றாகவே காட்டலாம், வெளிச்சத்தில் சாய்த்தால் அலை அலையாகத் தெரியும். சொரசொரப்பு தேறிவிட்டது, செம்மை தேறவில்லை.