கல்லூரி சேரும் பிள்ளைக்கு எந்த வங்கிக் கணக்கு? ஆயிரம் ரூபாய் எங்கே போய் விழுகிறது என்று முதலில் பாருங்கள்

அட்மிஷன் முடிந்த கையோடு கல்லூரி அலுவலகத்தில் கேட்பது பாஸ்புக் ஜெராக்ஸ். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டம் (2022 முதல்), மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024 முதல்), இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. பணம் படிக்கிற பிள்ளையின் பெயரில் உள்ள கணக்கில் விழும். அப்பா கணக்கைக் கொடுத்துச் சமாளிக்க முடியாது.

எந்தக் கணக்கு? ரிசர்வ் வங்கி விதிப்படி எல்லா வங்கியும் 'அடிப்படை சேமிப்புக் கணக்கு' ஒன்றை யார் கேட்டாலும் தர வேண்டும். நாம் ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்று சொல்வது இதைத்தான். மினிமம் பேலன்ஸ் கிடையாது, ஏடிஎம் கார்டு இலவசம், மாதம் குறைந்தது 4 முறை கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம். ஒரு நிபந்தனை: அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது. இருந்தால் 30 நாளில் மூட வேண்டும்.

கவுண்டரில் "அதெல்லாம் இப்ப போடுறதில்லைம்மா" என்று சொல்லிப் பார்ப்பார்கள். மல்லுக்கட்டுவதற்கு முன் அது எந்த வங்கி என்று பாருங்கள். ஸ்டேட் வங்கி 2020-லும், கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-லும் மினிமம் பேலன்ஸ் அபராதத்தையே எடுத்துவிட்டன. அங்கே சாதாரண சேமிப்புக் கணக்கு போட்டாலும் நஷ்டமில்லை. பல தனியார் வங்கிகளில் நிலைமை அப்படி இல்லை, ஆயிரக்கணக்கில் இருப்பு கேட்பார்கள். கல்லூரி வளாகத்துக்குள் மேசை போட்டு, பை ஒன்றும் கொடுத்துக் கணக்கு தொடங்கச் சொன்னால், படிப்பு முடிந்த பிறகு எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சரி, கணக்கு வந்துவிட்டது. பலரும் சறுக்குவது இதற்கு அப்புறம்தான்.

என் அக்கா மகளுக்கு மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. கல்லூரியில் "அனுப்பியாச்சு" என்றார்கள், வங்கியில் "வரலை" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. பிளஸ் டூ விடுமுறையில் சிம் வாங்கப் போன கடையில், கைரேகை வைக்கச் சொல்லி ஒரு கணக்கையும் சேர்த்துத் தொடங்கிவிட்டிருந்தார்கள். அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. பணம் ஒழுங்காக அங்கே போய்க்கொண்டிருந்தது.

ஆதாரை எத்தனை வங்கிக் கணக்கில் வேண்டுமானாலும் இணைக்கலாம். ஆனால் அரசுப் பணம் ஆதார் எண்ணை வைத்து வரும்போது, என்பிசிஐ என்ற அமைப்பின் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராக ஒரே ஒரு வங்கிதான் இருக்கும். கடைசியாக எந்த வங்கி பதிந்ததோ அதுதான். "ஆதார் லிங்க் ஆயிடுச்சு" என்று கிளையில் சொல்வது பல நேரம் கணக்கில் ஆதாரை இணைத்ததை மட்டும்தான், இந்தப் பட்டியலில் பதிந்ததை அல்ல. மை ஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணைப் போட்டு, மொபைலுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால், வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் எந்த வங்கி என்று காட்டிவிடும். காசு செலவில்லை. மாற்ற வேண்டுமானால், வேண்டிய வங்கியில் ஆதார் இணைப்புப் படிவம் வாங்குங்கள். அதில் ஏற்கெனவே பதிந்துள்ள வங்கியின் பெயரைக் கேட்கும் இடம் ஒன்று உண்டு. அதை வெறுமனே விட்டுவிடாதீர்கள்.

பள்ளியில் படிக்கும்போது உதவித்தொகைக்காகத் தொடங்கிய பழைய கணக்கு இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் தப்பில்லை. 18 வயது முடிந்ததும் புதுக் கையெழுத்தும் கேஒய்சி (அடையாள, முகவரி) ஆவணங்களும் கொடுத்து மேஜர் கணக்காக மாற்றிவிடுங்கள். ஆவணம் இல்லாமல், போட்டோ மட்டும் ஒட்டித் தொடங்கிய 'சிறு கணக்கு' என்றால் கவனம் வேண்டும்: இருப்பு 50,000, ஆண்டு வரவு 1 லட்சம், மாதம் எடுப்பது 10,000 ரூபாய் என்று அதற்கு வரம்பு உண்டு.

இரண்டு வருடம் தொடாத கணக்கு முடங்கும். உதவித்தொகைக்கென்று தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்கை அப்படி முடக்கக் கூடாது என்று 2024 முதல் விதி இருக்கிறது. முடங்கினாலும், உயிர்ப்பிக்கக் கட்டணம் கேட்கக் கூடாது. கேட்டால் கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அந்த ஒப்புகைச் சீட்டு கையில் இல்லாமல் குறைதீர்ப்பாளரிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.