பெட்டை பார்ப்பது கொண்டையை

ஆடி நெருங்கினால் சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து நல்ல சேவல்கள் ஒவ்வொன்றாகச் சேலத்துக்கு இறங்கிவிடும். விலைபோகாமல் மிஞ்சும் நோஞ்சான் அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்குத் தகப்பனாகிறது. கால்நடை மருத்துவராக இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது.

நாகலூர்ப் பக்கம், காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் ஓர் ஆயா இரண்டு சேவல்கள் வைத்திருந்தார். பொன்னிறக் கழுத்தும் அரிவாள் வாலுமாக இருந்ததை இனத்துக்கு நிறுத்திவிட்டு, சாதாரணமான மற்றதை விற்க இருந்தார். “ஆனால் கண்ணு, பெட்டைகள் இந்த அழகனை அண்டவே விடுவதில்லை” என்றார். தூக்கிப் பார்த்தேன். நெஞ்செலும்பின் விளிம்பு விரலில் குத்தியது. கொண்டை வெளிறி, ஓரம் சுருங்கியிருந்தது. எச்சத்தை நுண்ணோக்கியில் வைத்தால் உருண்டைப் புழுவின் முட்டைகள்!

ஆயாவின் பெட்டைகள் கண்டதை அறிவியலும் சொல்கிறது. துணையின் பளிச்சென்ற தோற்றம் ஒட்டுண்ணிகளை எதிர்க்கும் திறனுக்கு அடையாளம் என்ற கருத்தை ஹாமில்டன், மார்லீன் ஜுக் என்ற உயிரியலாளர்கள் 1982-இல் முன்வைத்தார்கள். பின்னர் ஜுக் குழுவினர் சிவப்புக் காட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு இதே உருண்டைப் புழுவைத் தொற்றவைத்து வளர்த்தார்கள். 1990-இல் வெளியான அந்த ஆய்வில், புழுவில்லாத சேவல்களைப் பெட்டைகள் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தேர்ந்தெடுத்தன. நம் வீட்டுக் கோழியின் மூதாதை அந்தக் காட்டுக்கோழிதான்.

இறகு, அது முளைத்த காலத்து உடல்நிலையைக் காட்டும். கொண்டையோ ரத்தம் ஓடும் சதை. இன்றைய நிலையைக் காட்டும். ஆகவே வாலைப் பார்த்து மயங்காதீர்கள். கொண்டையும் தாடியும் சிவந்து, கண் தெளிந்து, நெஞ்சில் சதை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் சிவந்த கொண்டை, வெள்ளைக் கழிச்சல் என்ற கொள்ளை நோயைத் தடுக்காது. தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். குடற்புழு மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுத்து, எச்சத்தைக் கூட்டி அகற்றுங்கள். மலையின் ஈர மண்ணில் புழு முட்டைகள் நெடுநாள் கிடக்கும்.

அம்மனுக்கு நல்ல சேவலைத்தான் கொடுக்க வேண்டும் என்றால் கொடுங்கள். அதற்கு முன் சில வாரங்கள் நோஞ்சானைத் தனியே அடைத்துவிட்டு, நல்லதைப் பெட்டைகளோடு விடுங்கள். சேவலின் விந்தைப் பெட்டை பல நாள் உடலில் சேமித்து வைத்திருக்கும். சேவல் போன பிறகும் முதல் வாரத்து முட்டைகளை நம்பி அடைக்கு வைக்கலாம்.